எண்பது பவுண்டு பாய்லர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று அது. நான் பம்பாயில் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை கடைசி வருஷ மாணவர்களுக்கு வாத்தியார்களே ஏதாவது ஒரு கணக்கைக் கொடுப்பார்கள். முந்தைய வருஷத்துக்காரன் எழுதியதை வாங்கிக் கொஞ்சம் மாற்றி ஒப்பேற்றிவிடலாம். அந்த வருஷம் ஏற்பாடு மாறியது. சீமையிலிருந்து உதிரி பாகங்களும் வரவில்லை, எஞ்சினியர்களும் வரவில்லை. அதனால் தொழிற்சாலைகள் தங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஒரு கேள்வியைக் கல்லூரிக்கு அனுப்பும். இரண்டு இரண்டு மாணவர்களாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையின் எஞ்சினியர் ஒருவர் கூட இருந்து வழிகாட்டுவார். மார்க்கில் பாதி அவர் எழுதித் தரும் கடிதத்தில் இருந்தது.

நோட்டீஸ் போர்டில் ஒட்டிய தாளில் எங்களுக்கு வந்த கேள்வி இது: எண்பது பவுண்டு அழுத்தத்தில் ஓட அனுமதி பெற்ற பாய்லரை நூறு பவுண்டில் ஓட்டலாமா? கணக்குடன் காட்டவும். அனுப்பியது தாராவியில் இருந்த ஒரு தோல் கம்பெனி. ராணுவ பூட்ஸுக்குத் தோல் பதனிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிய உலர்த்தும் அறைக்கு நீராவி போதவில்லை. நாங்கள் எழுதும் ரிப்போர்ட்டை வைத்து அரசாங்க இன்ஸ்பெக்டரிடம் அனுமதியை உயர்த்திக் கேட்பதாகத் திட்டம்.

என் கூட்டாளி தாதரில் இருந்த ஒரு மராத்திக்காரன். நல்ல ஆகிருதி, சுத்தமான கையெழுத்து, கணக்கில் புலி. எங்களுக்குள் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி பம்பாய் இந்தி. "சுலபமான கேள்வி. பத்துப் பக்கத்தில் முடித்துவிடலாம்" என்றான் முதல் நாளே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மாட்டுங்காவில் எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதையைத் தாண்டி நடந்தால் அரை மணி நேரத்தில் கம்பெனி. சனிக்கிழமைதோறும் போனோம். முதல் சனிக்கிழமை நான் திரும்பியபோது அம்மா கதவைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனாள்.

"ஏண்டா, எங்கே போயிட்டு வரே? இது என்ன நாத்தம்?"

"பாய்லர் பாக்கப் போனேம்மா."

"பாய்லர் இப்படியா நாறும்?"

அவளிடம் தோல் கம்பெனி என்று சொல்லவில்லை. சட்டையையும் வேஷ்டியையும் வாசலை ஒட்டிக் குளிக்கவும் துவைக்கவும் இருந்த மோரியிலேயே போட்டுவிட்டுக் குளித்தபிறகுதான் உள்ளே வரலாம் என்று விதி ஏற்பட்டது. ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு விஷயம் தெரியும். எந்தக் கம்பெனி என்று அவர் கேட்டார், சொன்னேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

எங்களுக்கு வழிகாட்டக் கம்பெனி நியமித்தது அதன் எஞ்சினியரை. மங்களூர்ப் பக்கத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். இங்கிலீஷில்தான் பேசுவார். முதல் இரண்டு மாதம் அவரைப் போல ஒரு ஆள் கிடையாது என்றே நினைத்தேன். பாய்லரின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்துத் தந்தார். நான் வரைந்த படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "இந்த ரிவெட் வரிசை எங்கே போகுதுன்னு உனக்கே தெரியல, எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். திட்டினாலும் உட்கார்ந்து சொல்லித் தருவார். பேசும்போது அடிக்கடி ஜன்னல் வழியாக பாய்லர் கொட்டகையைப் பார்ப்பார். அது பழக்கம் என்று நினைத்தேன்.

பாய்லரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் திருநெல்வேலிச் சீமைக்காரர். முப்பது வயது. என் ஜாதியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து என்னை "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை நான் பாய்லரின் மேலே ஏறி சேஃப்டி வால்வை அளந்துகொண்டிருந்தேன். அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து நீராவியை வெளியே விடும் வால்வு அது. ஒரு நீளமான கம்பி, அதன் நுனியில் ஒரு இரும்பு எடை. எடை எவ்வளவோ அவ்வளவு அழுத்தத்தில்தான் வால்வு திறக்கும். என் கணக்குப்படி இருக்க வேண்டிய எடைக்குப் பின்னால் சாக்கில் சுற்றி இன்னொன்று தொங்கியது. சாக்கை விலக்கினேன். உடைந்த பல்சக்கரத்தின் ஒரு துண்டு.

கீழே எட்டிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"அது என்னத்துக்கு சாமி உங்களுக்கு? பாத்தாலும் பாக்காத மாதிரி இருந்துக்கிடுங்க."

"இதைத் தொங்கவிட்டா எண்பதுல திறக்காது."

"நூறு வரைக்கும் தெறக்காது. எனக்குத் தெரியாதா? தொங்கவிடச் சொன்னாவ, தொங்கவிட்டேன். இன்ஸ்பெக்டர் வாரப்ப எடுத்துருவேன். நீங்க எங்கனயாவது எழுதி வச்சிராதிய. எஞ் சோலி போயிரும்."

எழுதமாட்டேன் என்று சொன்னேன். சாக்கைப் பழையபடி சுற்றிவிட்டு இறங்கினேன். நூறு பவுண்டில் ஓட்டலாமா என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பாய்லர் ஏற்கனவே நூறு பவுண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கொட்டகையின் பின்சுவரை ஒட்டி வரிசையாகக் குடிசைகள். அவருடையது அதில் ஒன்று. சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும் என்பதால் மழைக்காலத்தில் அந்த இடத்துக்குப் போட்டி என்றார். அவர் மனைவி அந்தச் சுவரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததை அன்று திரும்பும்போது பார்த்தேன். இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

பாய்லரை ஐந்து நாள் நிறுத்திச் சுத்தம் செய்யும் தறுவாய் வந்தது. உள்ளே இருக்கும் தகடுகளைப் பார்க்க எங்களுக்கு அது ஒன்றுதான் சந்தர்ப்பம். ஆள் நுழையும் துவாரத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். எஞ்சினியர், "தலையை மட்டும் விட்டுப் பாத்துட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். என் கூட்டாளி தலையை விட்டான், தோள் நுழையவில்லை. நான் ஒல்லி. ஒரு மெழுகுவர்த்தியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு முழு உடம்போடு உள்ளே இறங்கினேன்.

இரண்டு நாளாக ஆறியும் தகடு வெதுவெதுப்பாக இருந்தது. நிமிர முடியாது. குப்புறப் படுத்து முழங்கையால் நகர வேண்டும். சுண்ணாம்புப் படிவு உள்ளங்கையைக் கீறியது. தகட்டைத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு மணிபோலச் சத்தம் கொடுக்கும். ஏறக்குறைய பாதி தூரம் அப்படித்தான் கொடுத்தது. அடிப்பக்கத்தில் இரண்டு தகடுகள் சேரும் இடத்துக்கு வந்தபோது சத்தம் மாறியது. ஈரப் பலகையைத் தட்டுவதுபோல இருந்தது. திரும்பத் தட்டினேன். படிவு பாளமாகக் கழன்று விழுந்தது. அதன் கீழே ரிவெட் வரிசையை ஒட்டி, கத்தியால் கீறியதுபோல ஒரு பள்ளம். நகத்தை வைத்தேன். நகம் முழுதும் உள்ளே போயிற்று. அங்கிருந்து ஒரு முழ நீளத்துக்கு அப்படியே போனது.

மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. இருட்டில் அந்தப் பள்ளத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தேன். சாக்கில் சுற்றிய இரும்பு நினைவுக்கு வந்தது. வெளியே வரும் அவசரத்தில் துவாரத்தின் விளிம்பில் முழங்காலைக் கிழித்துக்கொண்டேன்.

எஞ்சினியரிடம் ஓடினோம். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் முதலில் கேட்டது இதைத்தான்:

"உன்னை உள்ளே போகச் சொன்னது யாரு?"

"சார், பள்ளம் கால் அங்குலத்துக்குக் கிட்ட இருக்கும். தகடே அரை அங்குலம்தான்."

"அது படிவு. சுத்தம் செஞ்சா போயிடும். உங்களைக் கேட்டது கணக்கு. பாய்லரை இன்ஸ்பெக்ட் பண்ணச் சொல்லல. வரைபடத்துல அரை அங்குலம்னு இருக்கு, அரை அங்குலம்னு போட்டு எழுதுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பேச்சு முடிந்தது.

அன்று மாலை அப்பாவிடம் சொன்னேன். எடையைப் பற்றிச் சொல்லவில்லை, பள்ளத்தைப் பற்றி மட்டும். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"அந்தக் கம்பெனியில நோக்கு வேலை தரேன்னு சொல்லியிருக்கானோ?"

"எஞ்சினியர் முன்னாடி ஒரு தடவை சொன்னார்."

"முப்பது வருஷமா நான் நோட் எழுதறேன். மேல இருக்கறவன் என்ன கேக்கறானோ அதை எழுதறதாக்கும் நம்ம வேலை. முடிவு அவாளோடது. எழுதிக் குடுத்துட்டு வா." கொஞ்சம் கழித்து, "நீ நன்னாப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். மடித்த செய்தித்தாளை மறுபடி பிரித்துக்கொண்டார்.

மறுநாள் என் கூட்டாளியோடு சண்டை. மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தின் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தோம்.

"நான் உள்ளே போகல. நான் பாக்காததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்றான் அவன்.

"நான் பாத்தேன்னு சொல்றேனே."

"மெழுகுவர்த்தி வெளிச்சத்துல. பயத்துல. கால் அங்குலம்னு எதை வச்சு அளந்தே? நகத்தை வச்சா? என் பேர் கீழே வர்ற கணக்குல நகம் இருக்காது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயந்தாங்கொள்ளி என்றேன். அவன் தாதர் வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவன் சொன்னது நியாயம் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. நான் எதையும் அளக்கவே இல்லை.

பாய்லரை மூடப்போகிற ஐந்தாம் நாள் காலை, விடிந்ததும் மோரியிலிருந்த துணி துவைக்கும் பார் சோப்பை எடுத்து வேஷ்டி மடிப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாய்லர்க்காரர் துவாரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் உள்ளதைச் சொன்னேன். பள்ளத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"அடியில. பின்சுவர்ப் பக்கம்."

அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கம் குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"போய்ட்டு வெரசா வாங்க சாமி. மேஸ்திரி ஏழு மணிக்கு வந்துருவாரு."

உள்ளே போய், சோப்பைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பள்ளத்தில் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினேன். பிடித்து எடுத்தபோது அதன்மேல் பள்ளத்தின் அச்சு ஒரு வரப்புபோல எழுந்திருந்தது. மூன்று இடத்தில் மூன்று துண்டாக எடுத்தேன். மேஸ்திரி வருவதற்குள் நான் சாலையில் இருந்தேன்.

கல்லூரிப் பட்டறையில் அதை என் கூட்டாளியின் முன்னால் வைத்தேன். அவன் அளவுக்கருவியை எடுத்து வரப்பின் உயரத்தை ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் அளந்து எழுதினான். பிறகு மீதியிருக்கும் தகட்டின் கனத்தை வைத்துக் கணக்குப் போட்டான். ஒரு தடவை போட்டு அடித்துவிட்டு மறுபடி போட்டான். "எண்பதுக்கே தாங்கக் கூடாது" என்றான். அதற்குப் பிறகு அவனை நான் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதைப் பற்றி நாங்கள் இருவருமே பேசவில்லை.

ரிப்போர்ட்டின் நகலை எஞ்சினியருக்கு அனுப்பினோம். ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. பள்ளத்தைப் பற்றிய மூன்று பக்கங்களிலும் மூலைக்கு மூலை சிவப்புப் பென்சிலால் கோடு. ஓரத்தில் எதுவும் எழுதவில்லை.

பேராசிரியரிடம் காட்டினோம். அவர் சாது. "அவர் கடிதம் தராவிட்டால் பாதி மார்க் போய்விடும். நான் ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் எதில் கையெழுத்துப் போடுகிறீர்களோ அதை நான் அனுப்புகிறேன்" என்றார்.

அந்த வாரங்களில் எனக்குத் தூக்கம் கெட்டது. பாய்லர் மறுபடி நூறில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் தாராவிப் பக்கமிருந்து கம்பெனியின் போங்கா, அதாவது ஷிஃப்டுக்கு ஊதும் சங்கின் சத்தம், காற்று வாக்கில் வீட்டுக்குக் கேட்கும். அது கேட்கும்வரை காப்பியைத் தொடமாட்டேன். காற்று திசை மாறிய ஒரு நாள் சத்தமே கேட்கவில்லை. காலேஜுக்குப் போகாமல் தாராவிக்கு நடந்தேன். தூரத்தில் புகைபோக்கியில் புகை தெரிந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

கோடு போட்டு அடித்த பக்கங்கள் மூன்றையும் அப்படியே திரும்ப எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஏற்பாட்டின்படி மாணவர்கள் கடைசியில் முதலாளியின் முன்னிலையில் ரிப்போர்ட்டைப் படித்துக் காட்ட வேண்டும். பேராசிரியரும் வந்தார். முதலாளி மரியாதையான மனிதர். எல்லோருக்கும் டீ வரவழைத்தார். நான் படித்தேன். பள்ளத்துக்கு வந்ததும் கூட்டாளி சோப்புத் துண்டுகளை மேஜைமேல் வைத்தான்.

முதலாளி ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இந்தியில் கேட்டார்: "பாய்லருக்குள் இவர்களை விட்டது யார்?"

நான் எஞ்சினியரைப் பார்த்தேன். அவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாய்லர்க்காரரின் முகம்தான் கண்முன் நின்றது.

"நான்தான்" என்றார் எஞ்சினியர்.

அது பொய். இன்னும் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தோம். "தண்ணீர் அழுத்தி ஒரு சோதனை செய்யலாம்" என்று மட்டும் சொன்னார். ஆர்டர் போய்விடும் என்று முதலாளி தயங்கினார். பேராசிரியர் முதல் தடவையாக வாய் திறந்து, இந்த ரிப்போர்ட் கல்லூரி ஆவணத்தில் சேரும் என்றார். ஞாயிற்றுக்கிழமை சோதனை என்று முடிவாயிற்று.

பாய்லர் முழுக்கப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கைப் பம்பினால் அழுத்தம் ஏற்ற வேண்டும். நீராவி இல்லாததால் தகடு விட்டால் தண்ணீர் பீய்ச்சும், அவ்வளவுதான். நூற்றைம்பது வரை தாங்கினால் நூறுக்கு அனுமதி கேட்கலாம். சோதனைக்காகப் பாய்லரை நிறுத்தியிருந்த நாட்களில் பாய்லர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்து சேர்வதற்குள், வால்வைக் கழற்ற ஃபிட்டர் மேலே ஏறிவிட்டான். முதலாளி கீழே நின்றுகொண்டிருந்தார்.

"சேட், இங்கே இன்னொரு வெயிட் இருக்கு" என்று சாக்கோடு அதைத் தூக்கிக் காட்டினான்.

எல்லோரும் பாய்லர்க்காரரைப் பார்த்தார்கள். அவர் அப்போதுதான் வாசலுக்குள் கால் வைத்திருந்தார். யாரும் கேட்காமலே கைகூப்பினார்.

"யாரைக் கேட்டுத் தொங்கவிட்டாய்?" என்றார் முதலாளி.

"நான் சொல்லித்தான்" என்றார் எஞ்சினியர். இந்த முறை அது உண்மை. அவர் முதலாளியின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய முதலாளி பம்பை ஆரம்பிக்கச் சொன்னார்.

இரண்டு ஆட்கள் மாறி மாறிப் பம்ப் அடித்தார்கள். கூட்டாளி கேஜின் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தான். எண்பது. தொண்ணூறு. நூறு. ஒன்றும் ஆகவில்லை. முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். அச்சைத் தப்பாக எடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். நூற்றைந்து என்றான். நூற்றுப் பத்து என்று சொல்லி முடிப்பதற்குள் அடியில் துணி கிழிவதுபோல ஒரு சத்தம். பின்சுவரில் தண்ணீர் விசிறியாக அடித்தது. கேஜின் முள் சடாரென்று விழுந்தது.

சுவரில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தினமும் ஓட்டிய அழுத்தத்துக்கு வெறும் பத்து பவுண்டு மேலே.

தகடு மாற்ற ஒன்றரை மாதம் ஆயிற்று. அதுவரை வேலை இல்லை, பாதிப் பேருக்குக் கூலி இல்லை. பாய்லர்க்காரர் பைகுல்லா பக்கம் ஒரு மில்லில் சேர்ந்துகொண்டார். வழியில் பார்த்தபோது, "நீங்க செஞ்சது நல்லதுதான் சாமி. ஆனா இங்க நெறைய பேரு உங்களை ஏசுதாவ. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதிய" என்றார். நான் போகவில்லை.

எஞ்சினியர் அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போனார். போகும் முன் எழுதித் தந்த கடிதத்தில் எங்கள் கணக்கு சரி, அளந்த முறை சரி, படங்கள் மோசம் என்று இருந்தது. இரண்டாம் வகுப்பில் தேறினேன். ஒரு ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்தது.

அவரைப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன். யுத்தம் முடிந்துவிட்டிருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் டிராமுக்கு நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். குர்லாவில் ஒரு சின்ன ஃபவுண்டரியில் இருப்பதாகச் சொன்னார். நலம் விசாரித்து முடித்ததும் அவராகவே சொன்னார்:

"அந்தப் பள்ளத்தை உங்களுக்கு ஆறு மாசம் முன்னாடியே நான் பாத்துட்டேன்."

நான் அவரையே பார்த்தேன்.

"எழுதிக் குடுக்க தைரியம் வரல. ஏதாவது கேள்வி அனுப்பச் சொல்லி காலேஜ்லேந்து கடுதாசி வந்துச்சு. பாய்லரைக் குடுத்தா பசங்க கண்டுபிடிப்பாங்க, அவங்க சொன்னதா இருக்கட்டும்னு நினைச்சேன். நீ நிஜமாவே வந்து சொன்னப்ப பயந்துட்டேன்."

"வெடிச்சிருந்தா, சார்?"

"அதைத்தான் தினம் நினைச்சிட்டிருந்தேன்."

அன்று வால்வின் அடியில் நின்று அவர் சொன்னதற்காக அவரைப் பற்றி எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அது போகவில்லை. ஆனால் பத்தொன்பது, இருபது வயதில் இரண்டு பேரை அந்தப் பாய்லருக்கு முன்னால் தள்ளிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அப்போது சேர்ந்துகொண்டது. டிராம் வந்தது. ஏறிக்கொள்ளும் முன் அவர் என் கையைப் பிடித்தார். நான் பிடிக்கவிட்டேன், ஆனால் பதிலுக்கு அழுத்தவில்லை. அதை நினைத்து இப்போது வருத்தப்படுகிறேன், அப்போது வருத்தப்படவில்லை.